கிளைடர் வாங்கிக் குடுத்த பட்டு

அப்புறம் என்ன, என் மக வளக்குற குட்டி நேரா அவ தோள்ல வந்து இறங்குச்சு, இறங்குன கையோட பட்டுப் பொடவையிலயே ஒண்ணுக்குப் போயிடுச்சு! உக்காரும்மா, நின்னுகிட்டே சிரிச்சா வயிறு வலிக்கும். பக்கத்து வீட்டுக்காரி, உங்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்றது?

யாருன்னா, எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, தெம்பனிஸ் பக்கம் இருக்காளே, அவதான். மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் போட்ட பட்டு, நான் தேக்காவுல நாலு கடை ஏறி இறங்கி எடுத்தது. ஒரு கல்யாணத்துக்குக் கட்டிட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போனா. திருப்பிக் கேட்டா, "நீங்கதானே அண்ணி ஆசையா குடுத்தீங்க, மறந்துட்டீங்களா?"ங்கறா. அதோட விட்டாளா? சொந்தக்காரங்க முன்னாடி, "அண்ணிக்கு எழுத்து வாசனையே கிடையாது, எதத்தான் ஞாபகம் வச்சிருப்பாங்க"ன்னு சிரிச்சா. மூணு தீபாவளிக்கு அதே பொடவையக் கட்டிகிட்டு என் கண்ணு முன்னாடியே நடந்தா. நான் மறக்கலம்மா.

நேத்து ஜொகூர்ல என் மக வீட்டுல பேத்தி பொறந்தநாளு. அங்கதான் இருக்கு அந்த சுகர் கிளைடர், அணில் மாதிரி, தாவிப் பறக்குமே, அது ஒரு ஜோடி. இங்க சிங்கப்பூர்ல வளக்கக் கூடாதுலா; அங்க மலேசியாவுல மருமகன் பர்மிட் எடுத்து வச்சிருக்காரு. உள்ளங்கை அளவுதான். சாம்பல் நெறம், முதுகுல கறுப்புக் கோடு. ஒத்தையா வச்சா ஏங்கிப் போயிடுமாம். பகலெல்லாம் துணிப் பைக்குள்ள தூங்கும். நம்ம வாசனை பழகணும்னு நாம உடுத்துன துணியத்தான் பையில போடணும், என் கைலி ஒண்ணக் கிழிச்சுப் போட்டிருக்கா என் மக. பொழுது சாஞ்சதும் முழிச்சு நாய்க்குட்டி மாதிரி கொரைக்கும். பப்பாளி வச்சா சாறை உறிஞ்சிட்டுச் சக்கையத் துப்பும். புழுவும் திங்கும், அதக் கேக்காத.

ஆனா எங்க இறங்குதோ அங்கயே ஒண்ணுக்குப் போகும். நகம் வேற கொக்கி மாதிரி. தோள்ல துண்டு போடாம, அதுவும் பட்டுக் கட்டிகிட்டு, கிட்டயே போகக் கூடாது. என் மக எல்லாத்தையும் எழுதிக் கூண்டுலயே ஒட்டியிருக்கா.

இவ என்னடான்னா என் பட்டுலயே வந்து நிக்கிறா! "ஐயோ, எவ்ளோ க்யூட்! தொறந்து விடுங்க அண்ணி"ங்கறா. சொல்லலாம்தான். வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். என் தோள்ல மட்டும் துண்டப் போட்டுகிட்டுக் கூண்டத் தொறந்தேன்.

ஒண்ணு வெளிய வந்து கர்ட்டன் மேல ஏறுச்சு, கைகால விரிச்சுச்சு, ஒரே தாவு! இவ குதிக்கிறா, அது முந்தானையில மேலயும் கீழயும் ஓடுது. "என்னா பண்ணும்னு மொதல்லயே சொல்லக் கூடாதா அண்ணி?"ன்னு கத்துறா. நான் கூண்டக் காட்டுனேன். "அதுல எழுதி ஒட்டியிருக்கும்மா. எனக்குத்தான் படிக்கத் தெரியாது. நீ படிச்சவளாச்சே!"

என் மக சிரிப்ப அடக்கிகிட்டு அடுப்படிக்கு ஓடிட்டா. இவ உள்ள போயி என் மகளோட சுடிதாரப் போட்டுகிட்டு வந்து, பொடவையச் சுருட்டி என் மடியில எறிஞ்சா. "இந்தாங்க உங்க பொடவ! நீங்களே வச்சுக்குங்க!"

கேட்டியா? 'உங்க பொடவ'! அத்தன பேரு முன்னாடி அவ வாயாலயே சொன்னா. அந்தக் குட்டிக்கு ரெண்டு துண்டு பப்பாளி கூட வச்சுட்டுத்தான் பஸ் ஏறுனேன்.

முந்தானையில ரெண்டு இழை போயிடுச்சு, போகட்டும். கறை போகணும்னு பூந்திக்கொட்டைத் தண்ணியில ஊற... ஐயய்யோ, அரக்கு பார்டர் சாயம் விட்டுடப் போவுது! இரும்மா, அலசிப் போட்டுட்டு வந்துடறேன்.