கேக்கம்மாவின் நான்கு டயர்கள்

குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காரின் முன்சக்கரத்து ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார் கேக்கம்மா. வெந்த கேக்கை அழுத்தி, எழும்பி வருகிறதா என்று பார்ப்பாரே, அதே விரல், அதே அழுத்தம். டயரின் பள்ளங்களில் சிக்கிய பொடிக்கற்களை ஹேர்பின்னால் நெம்பி எடுக்கிறார். காற்றை அளக்கிறார். அதன் பிறகுதான் கேக் வண்டியில் ஏறும்.

ஐம்பதைத் தொடப்போகிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. புருவம் வரைக்கும் மாவு. கோபம் வந்தால், அவர் முட்டை அடிக்கும் சத்தத்திலேயே தெருவுக்குத் தெரிந்துவிடும். யாராவது சர்க்கரையைக் குறைக்கச் சொன்னால், "கம்மியாப் போட்டா அதுக்குப் பேரு ரொட்டிங்க" என்பார். இப்பேர்ப்பட்டவர், புதிதாகக் கற்பவர்களுக்கென்று கார்ப் பந்தயத் தடத்தைத் திறந்துவிடும் நாட்களில் தலைக்கவசமும் கையுமாகப் போய் நிற்கிறார்.

எல்லாம் ஒரு மழையில் ஆரம்பித்தது. திருமண மண்டபத்துக்கு மூன்றடுக்குக் கேக் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் கல்லூரியில் படிக்கும் மகள், மேலடுக்கை மடியில் வைத்திருந்தாள். வளைவில் வண்டி வழுக்கியது. கேக்கம்மா பதறி பிரேக்கை மிதித்த மிதியில், வண்டி பம்பரமாகச் சுற்றித் தடுப்புச்சுவரில் போய் முட்டியது. யாருக்கும் அடியில்லை. முகமெல்லாம் கிரீமோடு உட்கார்ந்திருந்த மகள் அழவில்லை, கத்தவில்லை. இறங்கி நடந்தாள். அன்றிலிருந்து அம்மா ஓட்டும் வண்டியில் ஏறுவதில்லை. "நான் பஸ்ல போய்க்கிறேன்மா." அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தாலாவது பெற்றவளுக்கு மனசு ஆறியிருக்கும்.

"வண்டி வழுக்கினா என்ன பண்ணணும்னு எனக்கு யாருமே சொல்லித் தரலியே" என்று புலம்பிக்கொண்டே தடத்தில் பெயர் கொடுத்தார். பழைய டயர்கள் மொட்டையாகிவிட்டிருந்தன. புதிது வாங்கப் போனார்.

"ரோட்டுக்கா, டிராக்குக்கா?" என்றார் டயர்க் கடைக்காரர்.

"ரெண்டுக்கும்தான்."

"ஓட்டப் பந்தயத்துக்கும் கல்யாண வீட்டுக்கும் ஒரே செருப்பு கேக்குறீங்களேம்மா!"

முதலில் வந்தது பந்தய டயர். தொட்டால் விரலோடு ஒட்டியது. கேக்கம்மாவுக்கு ஆசை பற்றிக்கொண்டது. ஆனால் பள்ளம் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

"மழை பெஞ்சா?"

"மழையில வண்டிய எடுக்காதீங்க."

"நல்லா இருக்கே! எனக்காகக் கல்யாணத்தத் தள்ளி வைப்பாங்களா?"

அடுத்தது, வருஷக்கணக்கில் தேயாத டயர். அழுத்திப் பார்த்தார். கல். "இது போன வாரத்துக் கேக்கு" என்று ஒதுக்கினார். மூன்றாவது ரோட்டு டயர்தான். ஆனால் கொஞ்சம் மெத்தென்று, தண்ணீரை வெளியே தள்ள ஆழமான பள்ளங்களோடு இருந்தது. அறிவு அதைக் காட்டியது. மனசோ ஒட்டுகிற டயரைவிட்டு நகர மறுத்தது. அங்கிருந்தே தடத்தின் பயிற்சியாளருக்குப் போன் போட்டார்.

"இப்பவே ஒட்டுற டயர் வேணாம்க்கா," என்றார் அவர். "நீங்க பண்ற தப்பையெல்லாம் மூடி மறைச்சுக்கிட்டே வரும். கடைசியில சொல்லாமக் கொள்ளாமக் கைவிட்டுரும். ரோட்டு டயர் வழுக்குறதுக்கு முன்னாடியே கத்தும். அந்தச் சத்தத்தக் கேட்டுப் பழகுங்க."

மூன்றாவதையே மாட்டினார்.

தடத்தில் எல்லோரும் அவரைத் தாண்டிப் போனார்கள். "போறவங்க போகட்டும். பின்னாடி கேக்கு இருக்குன்னு நெனச்சுல்ல ஓட்டுறேன்" என்றார். பயிற்சிக்காகத் தண்ணீர் ஊற்றிய வளைவில் வழுக்கிச் சுற்றினார், மறுபடி சுற்றினார், பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள் டயர் கத்தியதும் கால் பதறாமல் தானாகத் தளர்ந்தது, கண் போகவேண்டிய வழியைப் பார்த்தது, வண்டி நேரானது. தலைக்கவசத்துக்குள் அழுதுகொண்டே சிரித்தார்.

"எத்தனாவதா வந்தே?" என்றாள் மகள், புத்தகத்திலிருந்து தலை நிமிராமல்.

"கடைசி."

"முழுசா வந்தியே, அது போதும்."

போன வாரம் அடைமழை. பஸ் ஓடவில்லை. மகளுக்குப் பரீட்சை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றவள், "கொண்டுபோய் விடுறியாம்மா?" என்றாள். ஏறியதும் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இறுக்கிக்கொண்டாள். பாலத்தடித் திருப்பத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. மழைச் சத்தத்துக்குள் டயர்கள் லேசாகக் கத்தின. கேக்கம்மாவின் கால் தளர்ந்தது, கை லேசாகத் திரும்பியது. வண்டி தன் வழியே போனது.

"இப்ப வழுக்குச்சா?"

"கொஞ்சம்."

"எனக்குத் தெரியவே இல்லியே!"

சாயங்காலமும் அம்மாதான் போய் அழைத்து வந்தார். மழை விடவில்லை. பரீட்சைக்குக் கண்விழித்த களைப்பில், பாதி வழியிலேயே மகளின் தலை சரிந்து அம்மாவின் தோளில் விழுந்தது. வீட்டு வாசல் வந்தது. கேக்கம்மா வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. தோளை அசைக்காமல் வண்டியைத் திருப்பி, அடுத்த தெரு வழியாக இன்னொரு சுற்றுக்குப் புறப்பட்டார்.