வெளிச்சம் தள்ளும் என்றார்கள்

அக்காவுக்குச் சர்க்கரை. கால் பெருவிரலில் புண். கறுத்துக்கொண்டே வந்தது. காலையே எடுக்கும்படி ஆகிவிடும் என்று எனக்குப் பயம்.

மாமா, அவள் புருஷன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவில்லை. தில்லை நகரில் ஒருவன் மாடியில் கடை போட்டிருந்தான். ஒளி வைத்தியமாம். ஓடுகிற எதையும் வெளிச்சம் தள்ளுமாம். ரத்தம் ஓடுகிறதே, அதையும் தள்ளுமாம். புண் ஆறிவிடுமாம். அத்தாட்சிக்கு ஒரு கண்ணாடிக் குடுவை. உள்ளே நாலு தகடு, ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. விளக்கைக் காட்டினால் சுற்றும். மாமா வாயைப் பிளந்தார். குடுவையும் விளக்குமாக வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

தினமும் சாயங்காலம் பூஜைதான். அக்கா காலை முக்காலியில் நீட்டுவாள். மாமா முதலில் குடுவைக்கு விளக்குக் காட்டுவார். அது சுற்றிய பிறகுதான் காலுக்குக் காட்டவேண்டுமாம். கற்பூரம்கூட இவ்வளவு சடங்கு கேட்காது.

நான் வெல்டிங் வேலைக்காரன். கேட்டேன்.

"வெல்டிங் வெளிச்சத்துக்கு முன்னாடிதான் இத்தனை வருஷம் உக்காந்திருக்கேன். ஒரு நாளும் என்னைத் தள்ளலியே மாமா?"

"நீ எங்க மாப்ளே ஓடுற? உக்காந்துல்ல இருக்க."



ஒரு நாள் மழை இருட்டு. நடுவில் கரண்ட் போனது. விளக்கு அணைந்தது, தகடும் நின்றுவிட்டது. காபிக்கு நான்தான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, வேறு இடமில்லாமல், குடுவையை ஒட்டி வைத்தேன். ஜன்னல் மங்கலில் பார்த்தால் தகடு சுற்றுகிறது.

அக்காதான் வாயைத் திறந்தாள்.

"நாளைலேர்ந்து பாலைக் காட்டுங்க. மிச்சத்துல காபி போட்டுக்கலாம்."

"பாலுக்குள்ளயும் வெளிச்சம் இருக்கும்டி."

"இருக்கட்டும்." என் பக்கம் திரும்பினாள். "நீ ஆட்டோ கூப்பிடுடா."

ஆஸ்பத்திரியில் விரல் போனது. கால் தப்பியது. மாமா டாக்டரையும் விடவில்லை. குடுவை சுற்றுவதைச் சொல்லி, வெளிச்சம் தள்ளாதா என்று கேட்டார். தள்ளும், ஆனால் எறும்பைக்கூட நகர்த்தாது, உங்கள் குடுவை சூட்டில் சுற்றுகிறது என்றார் அவர். மாமா காதில் முதல் வார்த்தைதான் விழுந்தது.

"தள்ளுமாம். டாக்டரே சொல்லிட்டாரு, பாத்தியா?"

வீட்டுக்குக் கிளம்பிய அன்று நல்ல வெயில். அக்கா சக்கர நாற்காலியில் இருந்தாள். மாமா பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன நிக்கிறீங்க? வெயிலு வந்து தள்ளட்டும்னா?"

தள்ளினார்.