டியூப் லைட்டோடு மல்லுக்கட்டும் இன்ஷிரா

கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாரும் மணப்பெண்ணைத் தேடுவார்கள். இன்ஷிரா அண்ணாந்து கூரையைப் பார்ப்பாள். ஸலாம் சொன்ன கையோடு கேமராவை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடிப்பாள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அவ்வளவுதான், லைட்டை அணைக்கச் சொல்லி வீட்டுக்காரியைக் கூப்பிட்டுவிடுவாள்.

“ராத்தா, இந்த லைட்ட நூத்துங்களன். குளிர்க்காய்ச்சக்காரன் மாதிரி நடுங்குது.”

“நல்லாத்தானே கா எரியிது?”

“உங்கட கண்ணுக்கு எரியிது. கேமராவுக்கு நடுங்குது.”

கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதுப் பக்கம் கல்யாணங்களில் பெண்களின் அறையை வீடியோ எடுப்பவள் அவள். முக்காடு கழற்றிய பெண்கள் இருக்கும் இடத்துக்கு ஆண் கேமராக்காரர் வரமுடியாது. எடுத்ததை ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கடையில் கொடுத்துத் திருத்தவும் முடியாது. அதனால் வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் அவளுடைய வீட்டு முன்னறையில், கதவைச் சாத்திக்கொண்டுதான். வேலை செய்யும்போது கணினியோடு வாய் ஓயாமல் சண்டை போடுவாள். நடுவில் ஊற்றி வைத்த தேத்தண்ணியை அநேகமாகக் குடிக்க மாட்டாள்.

மருதமுனை நஸ்லா ஒருநாள் பென்டிரைவோடு வந்தாள். அவளுடைய கல்யாணத்தை மதினிதான் எடுத்திருந்தாள், மதினியின் கணவரான காக்கா சவூதியிலிருந்து கொண்டுவந்த புதுக் கேமராவில். டியூப் லைட் கரண்டின் தாளத்தோடு மங்கிப் பிரகாசிக்கும். அந்தத் தாளம் அங்கே வேறு, இங்கே வேறு. கேமரா இன்னும் சவூதிக் கணக்கிலேயே இருந்தது யாருக்கும் தெரியவில்லை. வளைகுடாவிலிருந்து சாமான் வந்தால் பெட்டியைப் பிரித்த கையோடு பாவிக்கிற ஊர் இது. படம் முழுக்க வெளிச்சம் துடிதுடித்தது.

“உம்மா மௌத்தாகிட்டாங்க ராத்தா. அவங்க நடந்து, கதைச்சித் திரியிற படம் இது ஒண்டுதான். பாக்கவும் ஏலா, தல சுத்துது. பாக்காம இரிக்கவும் ஏலா.”

இன்ஷிரா நாற்காலியை இழுத்துப் போட்டாள். வீடியோவில் ஒரு நொடிக்குள் ஓடும் அடுத்தடுத்த தனிப்படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்தாள். துடிப்பு அடங்கிவிட்டது. ஆனால் உம்மா மகளுக்காகப் பிரார்த்தனை ஓதி, நெற்றியில் ஊதிவிட்டுத் தலையைத் தடவும் இடத்தில், அந்தக் கை மூன்று நான்காகப் புகைபோலத் தெரிந்தது.

“போதும் ராத்தா, முகம் தெரியிதுதானே” என்றாள் நஸ்லா.

“என்ன புள்ள போதும்? உம்மாக்கு எத்தின கை? பொய்க் கையயா உனக்குத் தாற? வெச்சிட்டுப் போ.”

கலந்ததையெல்லாம் அழித்துவிட்டு, உம்மா வரும் இடங்களை ஒவ்வொரு படமாக எடுத்து, இருண்டதில் வெளிச்சத்தை ஏற்றி, வெளுத்ததில் இறக்கி, பக்கத்துப் படத்தோடு ஒப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். வேறு வேலைகள் காத்துக் கிடந்தன. கேட்டவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தாள். ஊதிய உதட்டின் அசைவில் ஒரு சின்ன மினுக்கு மிஞ்சியிருந்ததற்காக அந்த இடத்தை முழுதாகத் திரும்பச் செய்தாள். யாரும் கண்டிருக்க மாட்டார்கள். அவளுக்குப் பொறுக்கவில்லை. இப்படி ஒரு பிடிவாதத்தை நான் மனதாரக் கையெடுத்து வணங்குவேன்.

ஒரு பின்னேரம் நஸ்லாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படத்தை ஓடவிட்டாள். துடிக்காத, அமைதியான வெளிச்சத்தில் உம்மா நடந்து வந்தார். மகளின் நெற்றிக்கு நேரே குனிந்து ஓதி ஊதினார். ஒரே கை, மெதுவாகத் தலையைத் தடவியது. நஸ்லா தன்னையறியாமல் முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்ஷிரா அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினாள். படிக்கட்டில் மெமரி கார்டோடு ஒருத்தி ஏறிக்கொண்டிருந்தாள். இன்ஷிரா கதவை முதுகால் மறித்து நின்றாள்.

“கொஞ்சம் பொறுங்க ராத்தா. உள்ள உம்மாவும் மகளும் இரிக்காங்க.”