கரண்ட் இல்லாத வெள்ளிக்கிழமை

விசைத்தறிச் சத்தம் நிற்கும்போதுதான் அப்படியொரு சத்தம் அதுவரை இருந்தது என்பதே எங்கள் தெருவுக்குத் தெரியவரும். சங்கரன்கோவிலில் தறி ஓடும் தெருக்களில் பிறந்த பிள்ளைகள் அந்தச் "சடக்கு சடக்கு"க்குள்ளேயே தூங்கி, அதற்குள்ளேயே வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்தவர்கள். கரண்ட் போய் எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் ஓய்ந்துவிட்டால் நாலாவது வீட்டில் கடுகு வெடிப்பதுகூடக் காதில் விழும். பேய் பார்க்க உகந்தது அந்த அமைதிதான் என்று ஐந்தாம் வகுப்பு முழு ஆண்டு லீவில் நான் ஆராய்ந்து கண்டுபிடித்தேன்.

ஆராய்ச்சி என்று சொல்வது மிகையில்லை. பாதி எழுதி மிச்சமிருந்த கணக்கு நோட்டில் "பேய்" என்று தலைப்பிட்டு, யார் என்ன சொன்னாலும் குறித்துக்கொண்டேன். எதைக் கேட்டாலும் இன்னொரு கேள்வி கேட்கிற பிள்ளை என்பதால் வீட்டில் யாரும் எனக்குப் பிடி கொடுக்க மாட்டார்கள். தெருமுனை சோடாக்கடை அண்ணாச்சி மட்டும் விதிவிலக்கு. வெயில் நேரத்தில் வியாபாரம் இல்லாதபோது அவருக்கும் பேச ஆள் வேண்டியிருந்தது.

"ராத்திரில வாரதெல்லாம் வெளியூர்ப் பேயிட்டி. நம்ம ஊருப் பேயி உச்சி வெயில்லதான் நடமாடும். நெழலு காலுக்குள்ள சுருங்குத நேரம் பாத்துக்கோ" என்றார்.

உடனே வீட்டு முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழலை அளக்க ஆரம்பித்தேன். உச்சி என்றால் பன்னிரண்டு மணி என்று எல்லாரும் சொன்னார்கள்; குச்சியோ அதை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபது ஆனபோதுதான் நிழல் அடியோடு ஒட்டியது. ஊரே இருபது நிமிஷம் முன்னால் பயந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. கோவிலில் உச்சிக்கால பூஜை மணி அடிக்கும்போது பேய் வராது, செவ்வாய், வெள்ளி என்றால் கட்டாயம் வரும், கறிக்குழம்பு வாசம் அடித்தால் தேடிக்கொண்டு வரும், இரும்போ கரித்துண்டோ கண்டால் திரும்பிப் போய்விடும் என்று நோட்டில் பக்கம் நிறைந்துகொண்டே போனது. கறிச்சோறு கொண்டுபோகிற தூக்குவாளியில் எங்கள் பெண்கள் ஒரு கரித்துண்டைப் போட்டுவிடுவது அதனால்தான்.

எந்தப் பேய் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பக்கத்து வீட்டுச் செல்வியின் அம்மா, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு மேற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போய், தவறி விழுந்து இறந்துபோயிருந்தாள். "உச்சி நேரத்துல அவ கெணத்தடியில நிக்கா" என்று குழாயடியில் பெண்கள் பேசிக்கொள்வார்கள். நானும் அதைக் குறித்துக்கொண்டேன். அது என் சிநேகிதியின் அம்மா என்பது பென்சிலை எடுத்தபோது எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் செல்வி அந்த நோட்டை எடுத்துப் படித்துவிட்டாள். சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவளோ முழுதும் படித்து முடித்து மூடி வைத்தாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போட்டி. எனக்கு எங்கம்மா மொகம் மறந்துக்கிட்டே வருது. மூக்குத்தி ஞாபகம் இருக்கு, மூக்கு ஞாபகம் இல்ல."

அவர்கள் வீட்டில் இருந்த ஒரே கல்யாணப் போட்டோவைக் கரையான் அரித்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு இது என் விளையாட்டாக இல்லை. எப்படியும் அவளுக்கு அம்மாவைக் காட்டியாக வேண்டும்.

சிக்கல், நிபந்தனைகள் ஒன்றோடொன்று ஒத்துவராததுதான். செவ்வாய், வெள்ளி என்றால் எங்கள் வீடுகளில் கறி கிடையாது. கறி எடுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பேய் வராது. பாத்திரக்கடை வைத்திருந்த எங்கள் வகுப்பு ஜெபா வீட்டில் கிழமை பார்க்காமல் கறி வைப்பார்கள். ஆனால் அப்போது ஈஸ்டருக்கு முந்திய லெந்து நாட்கள். அவர்களும் கறி தொடவில்லை. ஈஸ்டர் முடியட்டும் என்று காத்திருந்தோம். அதற்கப்புறம் ஒரு வியாழக்கிழமை ராத்திரி, தறியிலிருந்து வந்த அப்பா, "நாளைக்குப் பூராவும் கரண்டு கெடையாதாம்" என்று சலித்துக்கொண்டபோது எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு நாள் கூலி போகிறதே என்பது அவர் கவலை.

மறுநாள் ஜெபா ஒரு தூக்குவாளியில் கறிக்குழம்புச் சோற்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "கூட வாட்டி" என்றேன். "எங்க வீட்ல செபம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

செல்வி தீபாவளிப் பாவாடை கட்டியிருந்தாள். தலைக்கு எண்ணெய் தேய்த்து, தானே வகிடெடுத்துக் கோணல்மாணலாக இரட்டைச்சடை பின்னி, பிச்சிப்பூ வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. வருவது நிஜமாகவே வந்துவிட்டால் என்ன செய்வது? "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லி அடுப்படிக்குப் போய், அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, தூக்குவாளியின் சோற்றுக்குள் அமுக்கி மூடினேன்.

கிணற்றுக்குப் போனபோது ஒரு இலை ஆடவில்லை. கோவில் மணி தூரத்தில் அடித்து ஓய்ந்தது. எங்கள் நிழல் காலுக்குள் போய்விட்டது. மூடியை லேசாகத் திறந்து வைத்து, பூவரச மரத்தடியில் நின்றோம். "அம்மா" என்று செல்வி கூப்பிட்டாள். சத்தமாக இல்லை, அடுப்படியில் இருக்கிறவளைக் கூப்பிடுவது போலத்தான்.

கிணற்றுக்கு அந்தப் பக்கத்துத் தரிசிலிருந்து ஒரு சூறைக்காற்று கிளம்பியது. சருகையும் செம்மண்ணையும் சுருட்டிக்கொண்டு, ஆள் உயரத்துக்கு எழுந்து, சுற்றிச்சுற்றி எங்களைப் பார்த்தே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது பத்தடி தூரத்தில் தயங்கி, வடக்கே விலகி, வரப்போரம் போய் அடங்கிவிட்டது.

செல்வி அந்த வரப்பைப் பார்த்தபடியே, "நான் மொகத்த மறந்துட்டேம்லா, அதான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்றாள். கரித்துண்டைப் பற்றி அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. திரும்புகிற வழியில் சோற்றை நாய்க்குக் கொட்டிவிட்டு, கரித்துண்டை ஓடைக்குள் எறிந்தேன். நோட்டில் அதற்குப் பிறகு நான் எதையும் எழுதியதில்லை.

போன சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தேன். தெருவில் தறிகள் குறைந்துவிட்டன. சோடாக்கடை இருந்த இடத்தில் மொபைல் கடை. கரண்ட் போனாலும் எந்த வீடும் அமைதியாவதில்லை, இன்வெர்ட்டரில் மின்விசிறியும் டிவியும் ஓடுகின்றன. கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்ட செல்வியும் அதே கல்யாணத்துக்கு வந்திருந்தாள். முப்பது வருஷமாக என்னை உறுத்திக்கொண்டிருந்ததை அவளிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்டேன்.

அவள் சிரித்தாள், கண் கலங்கிவிட்டது.

"நீ கரித்துண்டுதானட்டி போட்ட. நான் பாவாடை நாடாவுல இரும்பாணி முடிஞ்சிருந்தேன். பெத்த தாய்க்கே பயந்துட்டோமேன்னு இத்தன வருசமா யாருட்டயும் சொல்லல."

மணி பன்னிரண்டேகால். ஆட்டோ பிடித்து மேற்கே போனோம். தோட்டம் பிளாட்டாகிவிட்டது, கிணற்றை மூடிய இடத்தில் எல்லைக்கல் நட்டிருந்தார்கள். பூவரசும் இல்லை.

"இப்பம் அம்மாவ விட எனக்குப் பத்து வயசு கூடட்டி" என்றாள் செல்வி. "வந்தான்னா நான்தான் அவளுக்குத் தலை சீவி விடணும்."

சொல்லிவிட்டு இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து என் கையில் திணித்தாள். முந்தானையில் குத்தியிருந்த ஊக்கையும் கழற்றித் தந்தாள். நிழல் காலுக்குள் ஒடுங்கியிருக்க, கிணறு இருந்த இடத்தை நோக்கி வெறுங்கையோடு தனியாக நடந்தாள்.