முழங்காலைப் பார்க்காத இயந்திரம்

கழிவுக் கூடத்தில் அவளுக்கு 'நில்லுங்க அக்கா' என்றுதான் பேர். அணுக்கழிவுப் பீப்பாய்களுக்கு நடுவே வேலை பார்த்துவிட்டு வெளியே போகிற எல்லோரையும், "நில்லுங்க, கையைக் காட்டுங்க, காலைக் காட்டுங்க" என்று பதினோரு வருஷமாக உயிரை எடுத்தவள். பசிக்கிறது, பஸ் போய்விடும் என்கிற கதையெல்லாம் அவளிடம் செல்லாது.

அழுக்குப் பக்கத்தையும் சுத்தப் பக்கத்தையும் பிரிக்கிற குட்டை பெஞ்சு ஒன்று வாசலில் உண்டு. அன்று காலை வழக்கம்போல அதன் அடியில் வட்டக் காகிதத்தால் தரையைத் துடைத்து, அதைக் கதிர்வீச்சு அளக்கும் கருவியில் வைத்தாள். பத்து, பன்னிரண்டு என்று சோம்பலாக நகரவேண்டிய எண் நானூற்றைத் தாண்டி ஓடியது.

"நேத்து சாயங்காலம் ஒரு பை கசிஞ்சுது. துடைச்சுட்டோமே அக்கா!" என்றார் பீப்பாய் ஏற்றுகிறவர். "அடியில தெறிச்சிருக்கும்போல."

அவள் குனிந்து தன் இடது முழங்காலைப் பார்த்தாள்.

நேற்று வேலை முடிந்து, மேலங்கியைக் கழற்றிப் போட்ட பிறகு, பென்சில் கை நழுவிப் பெஞ்சடியில் அழுக்குப் பக்கம் விழுந்தது. இடது முழங்காலை ஊன்றி எடுத்தாள். தரையில் விழுந்ததாயிற்றே என்று பென்சிலையும் கையுறையையும் கழிவுத் தொட்டியில் போட்டாள். முழங்கால் மட்டும் நினைவுக்கு வரவேயில்லை. வாசல் இயந்திரம் பச்சை விளக்கைக் காட்டியது. அது உள்ளங்கையையும் பாதத்தையும்தான் பார்க்கும். கருவியை எடுத்து உடம்பு முழுக்க ஓட்டிப் பார்க்க, அவளை 'நில்லுங்க' என்று சொல்ல அங்கே ஆளில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றரை வயது மகள் ஓடிவந்து அந்த முழங்காலைத்தான் கட்டிக்கொண்டாள். முகத்தை வேறு புதைத்துக்கொண்டாள்.

சத்தமில்லாமல் வீட்டுக்கு மட்டும் சொல்லிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கால்கள் மேலதிகாரியின் மேஜைமுன் போய் நின்றன.

"என் தப்பு, சார். அந்தப் பேண்ட் வீட்ல இருக்கு. குழந்தையும் வீட்லதான்."

அவர் போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஏங்க, நேத்து போட்டிருந்த பேண்ட்டைத் துவைச்சுட்டீங்களா?"

"இப்பதான் மெஷினைத் திறந்தேன்," என்றான் கணவன். "வருஷம் பூரா துவைங்க துவைங்கன்னு நச்சரிப்பே. இன்னைக்கு என்ன அதிசயமா—"

"தொடாதீங்க! பாப்பா என்ன பண்றா?"

விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு நின்றுபோனது.

"விரல் சூப்பிட்டிருக்கா," என்றான்.

அரை மணி நேரத்தில் கூடத்து வண்டி வீட்டு வாசலில் நின்றது. அவள் கருவியோடு முதலில் இறங்கினாள். கூட வந்த பீப்பாய் ஏற்றுகிறவர் அதை வாங்கிக்கொண்டார். "சொந்தப் பிள்ளையை நீங்க அளக்க வேணாம் அக்கா. தள்ளி நில்லுங்க."

பேண்ட்டின் இடது முழங்காலில் கருவி அலறியது. காசு அளவுக்கு ஓர் இடம். அடுத்து குழந்தை. தலைமுடி, கன்னம், உதடு, ஒவ்வொரு விரலாக. டிக்... டிக்... அதைப் பிடிக்கக் குழந்தை எக்கி எக்கிக் குதித்தது.

"இந்த டிக் டிக் எங்கேயும் எப்பவும் இருக்கிறதுதான். வேற ஒண்ணுமில்லை," என்றார் அவர். "மனசு ஆறலைன்னா மத்தியானம் கூட்டிட்டு வாங்க, உடம்புக்குள்ளேயும் அளந்து பார்த்துடலாம்."

"ஆறலை," என்றாள் அவள். "கூட்டிட்டு வரேன்."

பேண்ட்டை மஞ்சள் பையில் கட்டி, அதன் சீட்டில் 'தவறு செய்தவர்' என்ற இடத்தில் தன் பேரை எழுதினாள். கிளம்பும்போது, குழந்தையை இடுப்பில் வைத்தபடி கணவன் வாசலை மறித்துக்கொண்டான்.

"நில்லு," என்றான். "முழங்காலைக் காட்டு."

அவள் நின்றாள்.