நடுக்கட்டத்துக்கு வந்த வேட்டி

என் மகளுக்கு அடுத்த மாதம் பிள்ளை பிறந்துவிடும் என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் இருந்த பழந்துணிகளை எல்லாம் எடுத்துக் கூடத்தில் கொட்டினேன். பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்துவது எங்கள் வழக்கம் இல்லை. நல்லபடியாக வாழ்ந்த பெரியவர்கள் உடுத்திய துணிதான் அதன் உடம்பில் முதலில் படவேண்டும். துவைத்துத் துவைத்து நைந்த பருத்தியின் மென்மை எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதால் இந்த வழக்கத்தோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது.

என் பருத்திச் சேலைகள் இரண்டு, சம்பந்தியம்மா கொடுத்தனுப்பிய வாயில் சேலை, என் கணவரின் நீலக்கட்டம் போட்ட கைலி. எல்லாவற்றையும் சதுரமாக வெட்டி, பிள்ளைக்கு ஒரு விரிப்புத் தைக்க ஆரம்பித்தேன். மேலே துண்டுத் துணிகள், நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் ஒரே துணி. ஸ்கூடாயில் எங்கள் வீடு நெருக்கமான வரிசை வீடு. வெளிச்சம் இருப்பது சமையலறைப் பக்கம்தான், தையல் மெஷினும் அங்கேதான். காலையில் பெலாச்சான் இறால் விழுதை வதக்கினால் சாயங்காலம் வரை துணியில் அந்த வாடை அடிக்கும். அது எனக்குப் பழகிய நாற்றம், அதை நான் குறைசொல்ல மாட்டேன். வாடையே இல்லாமல் நாறுகிற துணி ஒன்று அந்த வாரம் வீட்டுக்கு வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் ரெங்கத்தில் இருக்கும் என் நாத்தனார், என் கணவரின் அக்கா. பிரசவம் வரை கூடமாட ஒத்தாசையாக இருக்கிறேன் என்று வந்தவர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து என் மடியில் வைத்தார்.

"எங்க வீட்டுக்காரரோட வேட்டி. பிள்ளைக்கு விரிப்பு தைக்கிறேன்னு தம்பி போன்ல சொன்னான். வீட்டுக்குப் பெரிய மனுஷன் துணி இல்லாம எப்படி?"

என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா துணிய நடுவுல வச்சுத் தையி. அவர்தானே என்னை செனாய் பேக்டரியில சேர்த்துவிட்டாரு," என்றார்.

நான் அந்த வேட்டியை மடியிலிருந்து தரையில் தள்ளினேன். கை தவறி விழுந்தது என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். நாத்தனார் குனிந்து எடுத்துத் தட்டி, மறுபடியும் என் மடியிலேயே வைத்தார்.

அவருடைய கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. முறைப்படி எனக்கு அண்ணன், நானும் வாய் நிறைய அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். எனக்குக் கல்யாணமான புதிதில், தீபாவளிக்கு முறுக்குப் பிழிய என்னை முன்கூட்டியே ரெங்கத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் குடும்பத்தில் புது மருமகளுக்கு அது கட்டாயம். நாத்தனார் கடைக்குப் போயிருந்தார். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. என் இரண்டு கையிலும் மாவு. அண்ணன் தண்ணீர் குடிக்க வந்தார். செம்பை எடுக்கிற சாக்கில் என் இடுப்பில் கையை வைத்தவர், எடுக்கவில்லை. மாவுக் கையோடு, கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில், நான் எந்தப் பக்கம் திமிறுவது? வாசலில் கேட் சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுத்தார். எடுத்த கையைத் தன் வேட்டியில் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் டிவி பார்த்தார். என்மேல் ஏதோ அழுக்கு இருந்ததுபோல அவர் துடைத்ததுதான் இன்றுவரை எனக்குக் குமட்டுகிறது.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல நினைத்தாலே அந்தக் கை மறுபடியும் வந்து படுவதுபோல இருக்கும். ஒவ்வொரு தீபாவளிக்கும் தலைவலி, காய்ச்சல் என்று சாக்குச் சொல்லிப் பார்த்தேன். "போகலைன்னா அக்கா மனசு கஷ்டப்படும்," என்று என் கணவர் பஸ் ஏற்றிவிடுவார். நான் நாத்தனாரின் முந்தானையைப் பிடிக்காத குறையாக அவர் பின்னாலேயே சுற்றிவிட்டுத் திரும்புவேன்.

அந்த வேட்டியில்தான் இப்போது என் பேரப்பிள்ளை படுக்க வேண்டுமாம். அதுவும் நட்டநடுவில்.

முதலில் பிளீச் போட்டு ஊறவைத்தேன். துணி பளிச்சென்று வெளுத்துக் கொடியில் ஆடியது, எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது. கத்தரிக்கோலை அதன் மேல் வைக்கவே கூசியது, வைத்தால் கத்தரிக்கோலையும் கழுவ வேண்டும். கடைசியில் இஸ்திரி போடுகிறேன் என்று சொல்லி, சூட்டை முழுசாகத் திருப்பி, பெட்டியை அதன் மேல் அப்படியே வைத்துவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விட்டேன். துணி கருகிய வாடை எனக்கு அப்படி ஒரு நிம்மதியாக இருந்தது.

நாத்தனார் ஓடிவந்தார். "அலமாக்! பார்த்து செய்யக்கூடாதா? சரி விடு லா, உன் கைராசி எனக்குத் தெரியாதா? ரெண்டா கொண்டாந்திருக்கேன்."

பையிலிருந்து இரண்டாவது வேட்டி வந்தது. இது துவைக்காமல் மடித்து வைத்தது. மடிப்பெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது, ஓரத்தில் கறிக்கறை. சிங்க்கில் போய்க் குனிந்து நின்றேன். மசக்கைக்காரி மாதிரி நிற்கிறாளே என்று அக்காவும் தம்பியும் கூடத்தில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

அன்று மத்தியானம் சோறும் ரசமும் நெத்திலிச் சம்பலும். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். மகள் வழக்கம்போல எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தாள். நாத்தனார் நெத்திலித் தலைகளைக் கிள்ளிக் கிள்ளித் தட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டே, "நடுக்கட்டத்தை இன்னைக்கு முடிச்சிடு," என்றார்.

"அந்தத் துணிய நான் தைக்க மாட்டேன், அண்ணி."

"ஏனாம்?"

"கல்யாணமான புதுசுல, உங்க வீட்டு அடுப்படியில, அண்ணன் என் இடுப்புல கை வச்சாரு. நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. கேட் சத்தம் கேக்குற வரைக்கும் எடுக்கல. அந்த ஆளு துணியில என் பேரப்பிள்ளை படுக்காது."

சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் தொண்டையில் கிடந்தது வெளியே வந்ததும் வீடு இடிந்து விழும் என்று நினைத்தேன். நாத்தனார் இன்னொரு நெத்திலியின் தலையைக் கிள்ளினார்.

"தெரிஞ்ச கதைதானே," என்றார். "நான் உள்ள வந்தப்ப உன் சேலை கசங்கியிருந்த கோலத்தப் பார்த்தே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா கொண்டாந்தீங்க?"

"நாளைக்கு நாலு பேரு கேப்பாங்கல்ல? செத்தவருக்கு ஒரு மரியாதை வேணாமா? நான் என்ன சும்மாவா இருந்தேன்? அவரு கை சும்மா இருக்காது, இனிமே அவள எங்க வீட்டுக்குத் தனியா அனுப்பாதன்னு இவன்கிட்ட அப்பவே சொன்னேன். கேளு."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தார். "சாப்பிடற நேரத்துல எதுக்கு இதெல்லாம்," என்றார். பிறகு, "சம்பல் கொஞ்சம் போடு," என்றார்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் என்னை பஸ் ஏற்றிவிட்டவர். வேட்டியைப் பார்த்துக் கண் கலங்கியவர். நடுவில் வை என்றவர். இத்தனை நாளும் நான் தப்பான துணியைப் பார்த்து அருவருப்புப்பட்டிருக்கிறேன்.

சம்பல் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தையல் பிரிக்கும் சின்னக் கத்தியோடு மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். நெருக்கித் தைத்த தையல், பிரிப்பதற்கு நேரம் எடுத்தது. அவர் சாப்பிட்டு முடித்து, ஈரக்கையோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"அது என் கைலியாச்சே."

"ஆமா."

"அத ஏன் பிரிக்கிற?"

"பிள்ளை படுக்கப்போற துணி," என்றேன். அடுத்த நீலக்கட்டத்தின் தையலில் கத்தியை நுழைத்தேன்.