கசங்காத சட்டை

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம். மாலையில் நான் வீட்டுக்கு வந்து கை கால் கழுவுவதற்குள், என் மனைவி வயிற்றைத் தடவிக்கொண்டே உள்ளே இருக்கும் பிள்ளையிடம் ஒருவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவாள். விடிவதற்குள் எழுந்து பெங்களூர் ரயில் பிடிக்கிறானாம், நின்றுகொண்டே போகிறானாம், நாள் முழுக்க உழைக்கிறானாம். "உங்கப்பா மாதிரி ஆளு இந்த ஆண்டர்சன்பேட்டையிலயே கெடையாது, தெரியுமா?" என்பாள். அந்த ஆளை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

ஏனென்றால் அவன் நான் இல்லை. பெங்களூர் கம்பெனியில் என்னை வேண்டாமென்று அனுப்பி ஐந்து வாரம் ஆகியிருந்தது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. தெரிந்த முகம் இல்லாத பெட்டியாகப் பார்த்து அதே காலை ரயிலில் ஏறுவேன். பங்காருப்பேட்டையில் இறங்கி, பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். மாலையில் ரயில் திரும்பி வரும்போது ஏறிக்கொள்வேன்.

உட்கார்ந்து மணி பார்ப்பேன். இந்நேரம் அவன் ஒயிட்ஃபீல்டில் இறங்கியிருப்பான். இப்போது டீ குடிப்பான். யாராவது அவனை சார் என்று கூப்பிடுவார்கள். முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. ஒருநாள் அவள் புளிச்சகீரை கடைந்து கட்டிக்கொடுத்திருந்தாள். அது அவனுக்காகக் கட்டியது என்று தோன்றியதும், டப்பாவை அப்படியே நாய்க்குக் கவிழ்த்துவிட்டுப் பட்டினி கிடந்தேன்.

ஒரு சாயங்காலம் வழக்கம்போல அவள் ஆரம்பித்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"போதும், நிறுத்து. அவன் இன்னா பெரிய மகாராஜாவா?" என்று கத்திவிட்டேன்.

"யாரு அவன்?" என்றாள். எழுந்து வந்து என் சட்டையின் முதுகைத் தடவிப் பார்த்தாள். ஐந்தாம் மாதம் வரை அவளும் அதே ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தவள்.

"பெங்களூர் வரைக்கும் அந்தக் கூட்டத்துல நின்னுனு போய் வந்தா இஸ்திரி மடிப்பு இப்டியே இருக்குமா? மொத வாரமே தெரியுங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துனு இருந்தேன்."

"அப்புறம் இன்னாத்துக்கு அந்தக் கதையெல்லாம்?"

"ரோசம் வந்தாவது வாயத் தொறப்பீங்கன்னுதான்." என் கையை இழுத்து வயிற்றின்மேல் வைத்தாள். "இப்ப நீங்களே சொல்லுங்க புள்ளைக்கு. நெசத்த."

குனிந்தேன். சொல்லிவிடத்தான் எனக்கும் ஆசை. வாயைத் திறந்ததும், "இன்னைக்கு அப்பாவுக்கு ஆபீஸ்ல செம வேல" என்று வந்தது.

உள்ளே பிள்ளை உதைத்தது. நான் கையை எடுத்துக்கொண்டேன். அந்த உதையும் அவனுக்குத்தான்.